ஐரோப்பியச் சமயப் போரைத் தீர்க்க ஹுன்னஸ்கிரிய போனோம்

வெள்ளிக்கிழமை, காலை 6.10. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கண்டி பஸ் புறப்பட்டபோது என் மடியில் ஒரு கடதாசிக் கோவை இருந்தது. அதற்குள் முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஐரோப்பியச் சமயப் போர்கள். என் மனைவி செலஸ்ரீனின் மடியில் ஒரு பை இருந்தது. அதற்குள் இடியப்பம், சம்பல், நாலு அவித்த முட்டை. கிளிநொச்சி வருவதற்குள் அவளுடைய பையைத் திறக்கச் சொல்லி நானே கேட்டுவிட்டேன். என் கோவையைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

நான் முப்பத்துநாலு வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்குச் சம்பளம் நிற்பதைவிடப் பெரிய கரைச்சல், கேட்க ஆள் இல்லாமல் போவதுதான். வீட்டில் நான் வியன்னா முற்றுகையைப் பற்றித் தொடங்கினால், அடுப்பில் கறி இருக்கிறது என்று மறுமொழி வரும். ஆகவே கண்டியிலிருந்து என் பழைய வகுப்புத் தோழன் அருள்ராசா போன் எடுத்து, "உயர்தரப் பிள்ளையளுக்கு சனிக்கிழமை ஒரு கருத்தரங்கு மச்சான், வந்து கதைக்கிறியோ?" என்று கேட்டபோது, அவன் வசனத்தை முடிக்க முதலே ஓம் என்றுவிட்டேன்.

தலைப்பை அவன் பிறகுதான் சொன்னான். ஐரோப்பியச் சமயப் போர்கள் ஆண்களையும் பெண்களையும் எவ்வாறு வெவ்வேறு விதமாகப் பாதித்தன. எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. நான் படிப்பித்த காலத்தில் அந்தப் போர்களில் பெண்களே இருக்கவில்லை. இரண்டு மூன்று இராணிமார் வந்து போவார்கள், அவ்வளவுதான். மற்றபடி காரணம், போக்கு, விளைவு என்று மூன்று தலைப்புப் போட்டு முடித்துவிடுவேன். இந்த முறை இரண்டு மாதம் நூலகத்தில் குந்தியிருந்து புதிதாக வாசித்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அருள்ராசா போனை வைக்க முதல் இன்னொன்றும் சொன்னான். "வாறதோட வாறாய், எங்கட ஜெபாவின்ர அலுவலையும் ஒருக்கால் பேசித் தீர்த்துவிடு. நீதானே உந்தச் சமயச் சண்டையள் எல்லாம் படிச்ச ஆள்."

அந்த அலுவல் இது. அருள்ராசா மனைவியை இழந்தவன், ஜெபா அவனுடைய ஒரே மகள். கண்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை. அதே அலுவலகத்தில் வேலை செய்யும் அன்டனை அவள் விரும்பினாள். அன்டனின் தகப்பன் சூசை, ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல குடும்பம், நல்ல பெடியன். ஒரே ஒரு சிக்கல், அவர்கள் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர், அருள்ராசா குடும்பம் புரட்டஸ்தாந்து. நாங்களும் புரட்டஸ்தாந்துதான்.

ஜெபா மாறி ஆர்.சி. ஆகவேண்டும் என்பதில் இரண்டு தகப்பன்மாருக்கும் சண்டையே இல்லை. பெண் புருசன் வீட்டுக் கோயிலுக்குப் போவதுதானே வழக்கம் என்று அருள்ராசாவே சொல்லிவிட்டான். சண்டை, எப்படி மாறுவது என்பதில். மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துத்தான் சேர்க்கவேண்டும் என்று சூசை நின்றார். என் மகளுக்குத் தண்ணீர் ஊற்றி இருபத்தெட்டு வருடமாகிவிட்டது, இன்னொரு சொட்டு விழ விடமாட்டேன் என்று அருள்ராசா நின்றான். இப்படியே எட்டு மாதம்.

ஜெபா தன் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவள். பதினாலு சின்னப் பிள்ளைகள், ஒரு கீபோர்ட், ஒவ்வொரு ஞாயிறும் பாட்டு. சபையில் அங்கத்தவராக இல்லாதவர் அந்தக் குழுவை நடத்த முடியாது என்பது அங்கே விதி. அவள் மாறினால் அன்றோடு அது போய்விடும். இது எனக்கும் தெரியும். ஆனால் பஸ்ஸில் இருந்தபோது, அந்த எட்டு மாதமும் அவளை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் மூன்று அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டு வவுனியா வரை நித்திரை கொண்டேன்.

பிற்பகல் 2.15. தம்புள்ளையில் சோறு, மாத்தளையில் தேத்தண்ணீர் என்று வந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மாட்டிக்கொண்டோம். கீழே மகாவலி ஆறு, மேலே வாகனம். கண்டிக்கு இன்னும் ஐந்து கிலோமீற்றர்தான், அதற்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இதைவிட இறங்கி நடக்கலாம் என்று நான் புறுபுறுத்தேன். "நடவுங்கோ, நான் இருந்து வாறன்" என்றாள் செலஸ்ரீன். நான் நடக்கவில்லை.

பிற்பகல் 3.05. கண்டி பஸ் நிலையத்திலிருந்து அருள்ராசா வீடு இருக்கும் அம்பிட்டியவுக்கு முச்சக்கர வண்டி, அறுநூறு ரூபா. ஓட்டியவர் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் மனிதர், தாடி நரைத்தவர். குளத்தைச் சுற்றிக்கொண்டே விசாரித்தார்.

"யாழ்ப்பாணமா சேர்? என்ன விசயமா வந்தீக்கிறீங்க?"

"ஒரு விரிவுரை. ஐரோப்பாவிலை நடந்த சமயச் சண்டையளைப் பற்றி."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "சண்டை ஐரோப்பாவுலதானே சேர். அப்ப ஏன் அம்பிட்டியவுக்குப் போறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. செலஸ்ரீன் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள். வண்டி அம்பிட்டிய ஏற்றத்தில் முனகத் தொடங்கியதும் நான் கோவையைத் திறந்து வாசிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.

மாலை 6.30. அருள்ராசா வீடு ஒரு சரிவில் இருக்கிறது. படலையிலிருந்து வாசலுக்கு நாற்பத்திரண்டு படி, இறங்கும்போது எண்ணினேன். முன் அறையில் ஜெபா பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை பிழையாகப் பாடியபோது அவள் ஏசவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள், அது தானாகவே திருத்திப் பாடியது. முப்பத்துநாலு வருடத்தில் எனக்கு வராத வித்தை அது.

பிள்ளைகள் போனபின் பிட்டும் மீன் குழம்பும் வைத்தாள். பரிமாறிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"அன்ரி, நீங்களும் கலியாணத்துக்கு மாறினனீங்கள்தானே? கஷ்டமா இருந்ததோ?"

செலஸ்ரீன் பிறந்தது ஆர்.சி. குடும்பத்தில். பெயரிலேயே தெரியும். முப்பத்தொரு வருடத்துக்கு முன் என்னைக் கட்டியபோது எங்கள் சபைக்கு வந்தாள். அவள் வாயைத் திறக்க முதல் நான் சொன்னேன், "ஒரு கஷ்டமும் இல்லைப் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தா, புத்தகத்திலை பேர் எழுதினம், அலுவல் முடிஞ்சுது."

செலஸ்ரீன் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பிட்டு வைத்தாள். நான் கேட்காமலே.

சனிக்கிழமை, காலை 9.00. கண்டி நகரில் ஒரு சின்ன மண்டபம். அறுபது கதிரை போட்டிருந்தார்கள், நாற்பது நிரம்பியிருந்தன. அதில் முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள். பெடியன்கள் எட்டுப் பேரும் கடைசி வரிசையில், சுவரோடு ஒட்டி. செலஸ்ரீன் பக்கத்து வாசலோரம் இருந்தாள். அவள் என் விரிவுரை கேட்பது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் யோசித்தேன்.

நான் பேசியதைச் சுருக்கித் தருகிறேன். வாசிப்பவர்கள் பயப்படவேண்டாம், முப்பத்தெட்டுப் பக்கமும் இல்லை.

மதச் சீர்திருத்தம் வந்த நாடுகளில் மடங்களை மூடினார்கள். துறவிகளாக இருந்த ஆண்கள் வெளியே வந்தார்கள். அவர்கள் போதகராகலாம், வாத்தியாராகலாம், தொழில் பழகலாம், கலியாணமும் கட்டலாம். கன்னியாஸ்திரிகளும் வெளியே வந்தார்கள். அவர்களுக்கு இருந்தது இரண்டு வழி. ஒன்று கலியாணம், மற்றது அண்ணன் தம்பி வீட்டு அடுப்படி. மடத்தில் இருந்தபோது கணக்கு வழக்குப் பார்த்து, புத்தகம் பிரதி பண்ணி, தங்கள் தலைவியைத் தாங்களே தெரிந்தெடுத்த பெண்கள் அவர்கள். சில மடங்களில் அவர்கள் வெளியேற மாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். திருத்துவதற்காக அனுப்பிய போதகர் பிரசங்கம் செய்யும்போது காதை அடைத்துக்கொண்டு இருந்தார்களாம்.

இந்த இடத்தில் பெண் பிள்ளைகள் சிரித்தார்கள். சிலர் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். என் பிரசங்கத்துக்கும் அது பொருந்துமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிறகு போர். ஆண்கள் சண்டையில் செத்தார்கள், வாதம் செய்து எரிக்கப்பட்டார்கள், அவர்களுடைய பெயரை இரண்டு பக்கமும் தியாகி என்று எழுதிவைத்தது. பெண்களிலும் தியாகிகள் இருந்தார்கள். ஆனால் சூனியக்காரி என்று எரித்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அவர்களை எந்தப் பக்கமும் தன் கணக்கில் எழுதவில்லை. பிரான்சில் புரட்டஸ்தாந்தர்களைத் தடைசெய்தபோது பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பினார்கள். பெண்களைச் சிறையில் போட்டார்கள், பெண் பிள்ளைகளை மடங்களில் அடைத்து வளர்த்தார்கள்.

கடைசியாக இங்கிலாந்து. அங்கே ஒரு அரசன் காலத்தில் குருமார் கலியாணம் கட்டலாம் என்றார்கள், கட்டினார்கள். அடுத்து வந்த இராணி காலத்தில் கட்டக்கூடாது என்றார்கள். மனைவியைத் தள்ளிவைத்த குருவுக்கு வேறு ஊரில் வேறு கோயில் கிடைத்தது. தவறுக்கு மன்னிப்பும் கிடைத்தது.

முன் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். "சேர், தள்ளி வச்ச மனைவிமார் எங்க போனாங்க?"

நான் கோவையைப் புரட்டினேன். முப்பத்தெட்டுப் பக்கத்திலும் அது இருக்கவில்லை. "அது பாடத்திட்டத்திலை இல்லை" என்றேன். பிள்ளைகள் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். வாசலோரம் செலஸ்ரீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் 1.30. அருள்ராசா வாடகைக்குப் பிடித்த வானில் ஹுன்னஸ்கிரிய புறப்பட்டோம். நான், செலஸ்ரீன், அருள்ராசா, ஜெபா. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வருவது முறையில்லை என்று அருள்ராசா தடுத்துப் பார்த்தான். "நான் வராட்டி நீங்கள் ஆரின்ர ஞானஸ்நானத்தைப் பற்றிக் கதைக்கப் போறியள் அப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் முதல் ஆளாக ஏறி இருந்துவிட்டாள்.

கண்டியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர். திகன தாண்டி, விக்டோரியா நீர்த்தேக்கம் பச்சையாகத் தெரிய, தெல்தெனிய வரை சுகமான பாதை. அதற்கு மேல் வளைவுக்கு மேல் வளைவு. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் பாறை, அடுத்த வளைவில் அது மாறி இது. தட்டையான மண்ணில் பிறந்த எனக்கு வயிறு பிரட்டிக்கொண்டு வந்தது. வானை நிறுத்தச் சொல்லி ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேயிலை மலை முழுக்க என்னைச் சுற்றியது. சமாதானத் தூதுவர் இப்படித்தான் வந்து சேர்ந்தார்.

பிற்பகல் 3.20. சூசை வீடு தோட்டத்து மேட்டில். சுவரில் மாதா படம், திரு இருதய ஆண்டவர் படம், நடுவில் தொழிற்சாலையில் அவர் வாங்கிய சான்றிதழ். சூசை உயரமான மனிதர், வெள்ளைச் சேட்டுப் போட்டு நின்றார்.

"வாங்க சார், வாங்கம்மா. உக்காருங்க. சார் ரொம்ப படிச்சவருன்னு சொன்னாங்க. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

அன்டன் ஒரு மூலையில் இருந்தான். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு முன் எழும்பமாட்டான் என்று ஜெபா வரும் வழியில் சொல்லியிருந்தாள். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் பூசைக்குப் போகிற பிள்ளை. அவனுடைய தாய் மேரியம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டார்.

பேச்சு தொடங்கி ஒரு மணித்தியாலம் அதே இடத்தில் சுற்றியது. தண்ணீர், எண்ணெய், எத்தனை தரம், யார் கையால். எனக்கு அலுத்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். "ஐரோப்பாவிலை சில இடங்களிலை இப்பிடிக் கலப்புக் கலியாணத்துக்கு ஒரு ஏற்பாடு வைச்சிருந்தவை. ஆம்பிளைப் பிள்ளையள் தகப்பன்ர சபை, பொம்பிளைப் பிள்ளையள் தாயின்ர சபை" என்றேன். அதனால் வீடுகள் எப்படி இரண்டாகப் பிளந்தன என்று சொல்லத்தான் தொடங்கினேன்.

"நல்ல யோசனையா இருக்கே சார்" என்றார் சூசை.

"ஓம், நியாயமாத்தான் இருக்கு" என்றான் அருள்ராசா.

எட்டு மாதத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விசயம் அதுதான். அடுத்த கால் மணித்தியாலம் பிறக்காத பிள்ளைகளைப் பங்குபோட்டார்கள். மூத்த பேரனுக்கு சூசை ஒரு பெயரும் வைத்துவிட்டார். இரண்டும் ஆணாகப் பிறந்தால் ஒன்றை விட்டுக்கொடுக்க முடியுமா என்று அருள்ராசா கேட்டான். நான் பாதி சொன்ன கதையின் மீதியைக் கேட்க ஆள் இல்லை.

"தாயின்ர சபை எண்டுறியள்" என்றாள் ஜெபா. "நான்தான் மாறப்போறனே. பிறகு எனக்கு எந்தச் சபை இருக்கு, பொம்பிளைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக?"

இரண்டு தகப்பன்மாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணீரைப் பார்த்தேன்.

அப்போதுதான் மூலையிலிருந்து அன்டன் பேசினான். "நான் மாறுறேன். நான் எப்படியும் கோயிலுக்குப் போறதில்ல. ஜெபா ஒவ்வொரு கிழமையும் போறா. போகாத ஆள் மாறினா யாருக்கும் நட்டமில்ல."

பாவம், கணக்குச் சரியாகத்தான் போட்டான். ஆனால் அந்த வீடு கொதித்த கொதிப்பு. சூசை எழும்பினார். அவருக்கு முன் அருள்ராசா எழும்பிவிட்டான்.

"தம்பி, அப்பிடிக் கதைக்கக் கூடாது. ஆம்பிளைப் பிள்ளை மாறுறதோ? உங்கட அப்பாவுக்கு எவ்வளவு அவமானம்!"

"கேட்டியாடா? அவருக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியல" என்றார் சூசை. இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். ஆர்.சி.யும் புரட்டஸ்தாந்தும் அந்த ஒரு நிமிடத்தில் ஒரே சபையாகிவிட்டன. ஒளிக்காமல் சொல்கிறேன், என் தலையும் அவர்களோடு சேர்ந்து ஆடியது. ஆண் மாறினால் அவமானம், பெண் மாறினால் வீட்டு வேலை. அன்று காலைதான் இதைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசிவிட்டு வந்திருந்தேன்.

"நான் ஒண்டு சொல்லட்டோ" என்றாள் செலஸ்ரீன்.

அவள் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. எழும்பி நின்ற இரண்டு பேரும் கதிரையில் இருந்துவிட்டார்கள்.

"ஜெபா நேற்று என்னட்டை ஒரு கேள்வி கேட்டவள். இவர் மறுமொழி சொல்லிப்போட்டார். கேட்டது என்னட்டை, அதாலை இப்ப நான் சொல்லுறன். என்னை ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்லை. ஒருத்தரும் என்னைக் கேக்கவும் இல்லை. எங்கட கோயிலிலை மாதா திருநாளுக்கு ஒன்பது நாளும் நான்தான் முன்னுக்கு நிண்டு பாடுறனான். கலியாணம் கட்டி வந்த வீட்டுக்கு அந்தக் கோயில் ஸ்பீக்கர் சத்தம் நல்லாக் கேக்கும். ஒவ்வொரு ஆவணியும் அந்த ஒன்பது நாளும் நான் தலையிடி எண்டு கதவைச் சாத்திப்போட்டுப் படுத்திருப்பன். இவருக்கு, எனக்கு ஆவணி மாசம் தலையிடி வரும் எண்டுதான் தெரியும். பனடோல் வாங்கித் தருவார்."

அது மெய். பனடோல் மட்டுமில்லை, ஒரு வருடம் கண் டொக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடி எழுதித் தந்தார், நானே நல்ல சட்டம் பார்த்து வாங்கினேன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அவள் இப்போது என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

செலஸ்ரீன் சூசை பக்கம் திரும்பினாள். "அண்ணை, உங்கட பாதரிட்டை கேட்டனீங்களோ, இந்தப் பிள்ளை மாறத்தான் வேணுமோ எண்டு?"

சூசை அருள்ராசாவைப் பார்த்தார். அருள்ராசா சூசையைப் பார்த்தான். எட்டு மாதம் இரண்டு பேரும் ஞானஸ்நானத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசியிருக்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுக்கிறவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தங்களுக்குத் தெரியாது என்றாகிவிடுமாம்.

அன்டன் உடனே போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். பாதர் இளம் குரல். பின்னால் கிரிக்கெட் வர்ணனை கேட்டது.

"மாறத் தேவையில்லையே. அவங்க ஞானஸ்நானம் செல்லும், ரெண்டாந்தரம் குடுக்கவே கூடாது. ஆயர்கிட்ட அனுமதி எடுக்கணும், அதுக்கு ஒரு படிவம் இருக்கு, நான் நிரப்பித் தாறேன். அந்தத் தங்கச்சி அவங்க கோயிலுக்கே போகலாம். அன்டன் மட்டும், பிள்ளைகள கத்தோலிக்கரா வளக்க தன்னால முடிஞ்சத செய்வேன்னு வாக்குக் குடுக்கணும். சூசை அண்ணே, இது எத்தனையோ வருசமா உள்ள சட்டம். நீங்க ஏன் கேக்கவே இல்ல?"

நாலு நிமிடத்தில் முடிந்தது. எட்டு மாதச் சண்டைக்காரர் இருவரும், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி இருந்தார்கள். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சண்டையே இருந்திருக்கவில்லை. அதைத்தான் இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை.

"வாக்குக் குடுக்கிறது நீங்கள்" என்றாள் ஜெபா அன்டனிடம். "அப்ப ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி, பிள்ளையளைக் குளிப்பாட்டி, சப்பாத்துப் போட்டு, பூசைக்குக் கூட்டிக்கொண்டு போறதும் நீங்கள்தான். அந்த நேரம் எனக்குப் பாட்டு இருக்கு."

மாறுகிறேன் என்று சொன்னபோது இருந்த தைரியம் இப்போது அன்டனின் முகத்தில் இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டினான்.

சூசைக்கு இன்னும் ஒன்று உறுத்தியது. "எல்லாஞ் சரி. திருநாள் அன்னைக்கி ஊருல கேப்பாங்களே, ஒம் மருமக எங்கன்னு. நான் என்னத்த சொல்றது?"

அடுப்படி வாசலில் அவ்வளவு நேரமும் நின்ற மேரியம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பாடப் போயிருக்கான்னு சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "நான் மாரியம்மன் திருவிழாவுக்குக் கும்மியடிச்சவ. கல்யாணத்துக்காக மாறினப்புறம் நான் எங்கன்னு யாரும் கேக்கல. இவளயாச்சும் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சூசை அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆவணி கடசியில நாள் பாக்கலாமா?" என்று அருள்ராசாவிடம் கேட்டார். ஜெபா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அருள்ராசா பயந்துபோய், இப்ப என்ன பிழை செய்தோம் என்று என்னிடம் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. எங்கள் பஸ் ஒன்பதரைக்கு. நான் எழும்பியபோது செலஸ்ரீன் குளித்து நல்ல சீலை உடுத்து நின்றாள்.

"இஞ்சேரும், எங்கை வெளிக்கிட்டனீர்?"

"பூசைக்குப் போட்டு வாறன். விரும்பினால் வாங்கோ."

விரும்பினால் என்றாள். போனேன். நாற்பத்திரண்டு படியும் ஏறி, முச்சக்கர வண்டி பிடித்து, ஏழு மணிப் பூசைக்குக் கோயிலுக்குள் நுழைந்தோம். நான் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றை ஆயிரம் வருடத்துக்குச் சொல்லுவேன். அதன் பூசையில் எப்போது எழும்புவது, எப்போது இருப்பது, எப்போது முழந்தாளிடுவது என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் இருந்தபோது நான் நின்றேன். நான் இருந்தபோது அவர்கள் முழந்தாளிட்டார்கள். முன்னால் நின்ற சின்னப் பெண் பிள்ளை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. செலஸ்ரீன் ஒரு இடத்திலும் பிசகவில்லை. புத்தகம் பார்க்காமல் எல்லாப் பாட்டும் பாடினாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் அவள் வாயை மட்டும்தான் அசைப்பாள்.

நற்கருணை நேரம் வந்தது. வரிசை வரிசையாக எழும்பிப் போனார்கள். நாங்கள் இருந்த வாங்கில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். நான் போக முடியாதது எனக்குத் தெரியும்.

"நீர் போகேல்லையோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"எனக்கு ஏலாது. விலகிப் போனனான்தானே. முதலிலை பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்."

"என்ன பாவம் செய்தனீர்?"

"உங்களைக் கட்டினது" என்றாள்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு அடக்க முடியவில்லை, இருமுவது போல் பாவனை செய்தேன். ஒரு கிழவர் திரும்பி முறைத்தார்.

பஸ் ஒன்பதே முக்காலுக்குத்தான் வெளிக்கிட்டது. மாத்தளை தாண்டி மலைகள் பதிந்து, வெளி விரிந்து, என் வயிறும் எனக்குச் சொந்தமானது. எங்கள் ஊரில் மலையில்லை, வளைவில்லை, எல்லாம் நேர் ரோட்டு. எங்கள் படலையில் நின்று வலப்பக்கம் போனால் என் கோயில், இடப்பக்கம் போனால் அவளுடைய கோயில். இரண்டும் அரைக் கிலோமீற்றருக்குள்தான். முப்பத்தொரு வருடம் நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வலப்பக்கம் திரும்பியிருக்கிறோம். அவளுக்கு இப்போது அந்தக் கோயிலின் பூசை நேரம் மறந்து போயிருக்கும் என்று நினைத்தேன். எனக்கும் சரியாகத் தெரியாது, அவளுக்காக யாரிடமாவது விசாரிக்கவேண்டும். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம் என்று, தம்புள்ளைக்குக் கிட்ட, யன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவளைத் தட்டினேன்.

"இஞ்சேரும். உங்கட கோயிலிலை ஞாயிற்றுக்கிழமைப் பூசை எத்தினை மணிக்கு எண்டு ஆரிட்டைக் கேக்கலாம்?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆறேகாலுக்கு முதல் மணி. ஆறரைக்குப் பூசை. மாரி காலத்திலை ஏழு மணி."